குதிரைக்கு வயிற்று வலி வந்தால்: டாக்டர் வரும்வரை நம் கையில் என்ன இருக்கிறது?

ராத்திரி எட்டரை மணி இருக்கும். மூன்று நாளாக விடாத மழை. லாயத்தில் கொள்ளுத் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தால் வழக்கமாக என் குதிரை என் கையைத் தட்டிவிட்டு முகத்தை உள்ளே விடும். அன்றைக்கு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் என்று பழமொழியிலேயே பெயரெடுத்த பிராணி. அது கொள்ளு வேண்டாம் என்றால் சும்மா போய்ப் படுத்துவிட முடியாது. ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். மேலுதட்டைச் சுருட்டித் தூக்கியது. முன்னங்காலால் தரையை இரண்டு தடவை பிறாண்டியது. அப்புறம் கழுத்தை வளைத்துத் தன் அள்ளையையே, அதாவது விலாவுக்குப் பின்னால் உள்ள வயிற்றுப் பக்கத்தையே பார்த்தது, யாரோ அங்கே தொட்டுக் கூப்பிட்ட மாதிரி.

குதிரை வளர்ப்பவர்கள் 'கோலிக்' என்று சொல்வது இதைத்தான். பழைய தமிழில் சூலை என்பார்கள். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: கோலிக் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. வயிற்றில் வலி இருக்கிறது என்பதன் பெயர், அவ்வளவுதான். உள்ளே வெறும் காற்று சேர்ந்திருக்கலாம், தீனி கட்டியாகி அடைத்திருக்கலாம், குடலே முறுக்கிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். முதலில் சொன்னது சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடக்கூடும். கடைசியில் சொன்னதற்கு அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விடிவதற்குள் குதிரை போய்விடலாம். அதனால் வீட்டில் இருக்கிற நம் வேலை எந்த வகை கோலிக் என்று கண்டுபிடிப்பதோ மருந்து கொடுப்பதோ இல்லை. சீக்கிரம் கவனிக்க வேண்டும், சில எண்களைக் குறிக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவர் வரும்வரை நிலைமையைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும்.

குதிரையின் வயிறு ஏன் இப்படி

மாட்டுக்கும் குதிரைக்கும் ஒரே புல்தான், ஆனால் உள்ளே இருக்கும் அமைப்பு வேறு. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட பெரிய வயிறு, அசைபோடும் வசதி எல்லாம் உண்டு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது. நானூறு, ஐநூறு கிலோ எடையுள்ள குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணிக்கு அது போதும். காட்டில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். நாம் அதைக் கட்டிப்போட்டுக் காலையும் மாலையும் இரண்டு வேளை தீனி என்று பழக்குகிறோம். பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பிக்கிறது.

அடுத்தது, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது அந்த வழியாகத் திரும்பி வராது. கீழே அடைத்துக்கொண்டால் இரைப்பை வீங்கிக்கொண்டே போகும், கடைசியில் கிழியவும் கிழியும்.

இரைப்பைக்குக் கீழே இருபது மீட்டருக்கு மேல் சிறுகுடல். அதற்கு அப்புறம் புல்லை ஊறவைத்து நொதிக்க வைக்கும் பெரிய தொட்டி மாதிரி பெருங்குடல் பகுதி. இந்தப் பெருங்குடல் மூன்று மீட்டருக்கு மேல் நீளம், வயிற்றுக்குள் இரண்டாக மடிந்து கிடக்கிறது. பெரும்பகுதி வயிற்றுச் சுவரோடு ஒட்டாமல் தொங்கலாகவே இருப்பதால் காற்று நிறைந்தால் பலூன் மாதிரி மிதந்து இடம் மாறும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். இடது பக்கம் பின்னால் அது திரும்பும் ஒரு வளைவில் குழாய் சட்டென்று குறுகிவிடுகிறது. அகலமான வாய்க்காலில் வந்த தண்ணீர் ஒரு சின்ன மதகில் நுழைவது போல. தீனி உலர்ந்து கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் அந்த வளைவில்தான் அடைக்கும்.

எப்படித் தெரியும்?

குதிரை வலியை மறைக்கும் பிராணி. நாய் மாதிரி அழுது காட்டாது. அதனால் ஆரம்ப அறிகுறிகள் எல்லாம் கவனிக்காமல் விட்டுவிடக்கூடியவை. தீனியில் ஆர்வமில்லை, பாதியில் நிறுத்திவிட்டது, மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளி நிற்கிறது, மேலுதட்டைச் சுருட்டுகிறது, அடிக்கடி கொட்டாவி விடுகிறது, பல்லை நறநறக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்து அளைகிறது, ஆனால் குடிப்பதில்லை. சிறுநீர் கழிக்கப் போவது போலக் கால்களை அகட்டி உடம்பை நீட்டி நிற்கிறது, ஒன்றும் வருவதில்லை. இதைப் பார்த்து 'நீர் அடைப்பு' என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது வயிற்று வலிதான்.

லத்தியைப் பார்ப்பது இன்னும் உருப்படியான வழி. நன்றாக இருக்கும் குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை லத்தி போடும். லாயத்தைக் கூட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. காலையில் வழக்கமாக நாலைந்து குவியல் இருக்கும் இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், அதுவும் சின்னச் சின்ன உருண்டையாகக் கெட்டியாக இருந்தால், வலி தொடங்கும் முன்பே நமக்குத் தகவல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வலி கூடினால் மறைக்க முடியாது. அள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், படுக்கும், எழும், மறுபடி படுக்கும். அதற்கும் மேலே போனால் உடம்பெல்லாம் வியர்த்துத் தரையில் கிடந்து புரளும். இங்கே புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நன்றாக இருக்கும் குதிரையும் புரளும்தானே? ஆமாம், புரளும். ஆனால் புரண்டு எழுந்ததும் உடம்பை உலுக்கித் தூசியைத் தட்டிவிட்டு மேயப் போய்விடும். வலியில் புரள்கிற குதிரை பெரும்பாலும் உலுக்காது. எழுந்து நின்று ஒரு மாதிரி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மணி நேரமாகப் புரண்டு அடித்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று அமைதியாகிவிட்டால், 'அப்பாடா, வலி விட்டுவிட்டது' என்று நினைக்கத் தோன்றும். அமைதியான குதிரை புல்லைத் தேடினால், லத்தி போட்டால், கண்ணில் தெளிவு வந்தால், நாடியும் இறங்கினால் அது நல்ல செய்தி. அமைதியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வியர்வை ஈரத்தோடு சில்லிட்டு, நடுங்கிக்கொண்டு நின்றால் உள்ளே குடலோ இரைப்பையோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம்.

கழுதை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கழுதை பெரும்பாலும் புரளாது, உதைக்காது. சும்மா மந்தமாக நிற்கும். கழுதை சாப்பிடாமல் நின்றாலே அவசரம்.

எண்ணிப் பார்ப்பது

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை கோலிக் வந்தபோது டாக்டருக்குப் போன் செய்தேன். "நாடி எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டார். "வேகமா இருக்குதுங்க" என்றேன். "வேகமான்னா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். கிளம்பி வர வேண்டிய அவசரமா, ஒரு மணி நேரம் பார்க்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு எண் வேண்டும். அன்றைக்கு நான் வெட்கப்பட்டது போல யாரும் வெட்கப்பட வேண்டாம். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம்கூட ஆகாது.

குதிரையின் இடது பக்கம், தலைக்கு அருகில் நின்றுகொள்ளுங்கள். தாடை எலும்பின் உள் ஓரத்தில், கன்னத்து வளைவுக்குக் கீழே, விரலை ஓடவிட்டால் ஒரு மெல்லிய கயிறு உருளுவது போல் தெரியும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்துங்கள். அழுத்தம் அதிகமானால் துடிப்பு மறைந்துவிடும். கட்டைவிரல் வேண்டாம், அதில் உங்கள் நாடியே துடிக்கும். போனில் முப்பது வினாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் சுலபம்: இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் வைத்தால் இதயம் 'லப்-டப்' என்று கேட்கும். லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒன்று. தனித்தனியாக எண்ணி எண்பது என்று டாக்டரைப் பதற வைக்காதீர்கள்.

சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடும். குட்டிகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவற்றின் இதயம் இயல்பாகவே மிக வேகம். கோலிக் சமயத்தில் ஐம்பதுக்குள் இருந்தால் மூச்சு விடலாம். அறுபதைத் தாண்டிவிட்டால் நிலைமை மோசம், டாக்டர் உடனே வந்தாக வேண்டும். எண்பதுக்கு மேல் நிற்காமல் ஓடினால் உயிருக்கு ஆபத்து. குதிரை எவ்வளவு புரள்கிறது என்பதைவிட இந்த எண் நம்பகமானது. சில குதிரைகள் சின்ன வலிக்கே ஊரைக் கூட்டும், சில குதிரைகள் குடல் முறுக்கோடு கல் மாதிரி நிற்கும். இதயத்துக்கு அந்த நடிப்பெல்லாம் தெரியாது.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரல் ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. செங்கல் சிவப்பாகவோ, நாவற்பழக் கறை பட்டது போலவோ, பல்லை ஒட்டிக் கருநீலக் கோடாகவோ தெரிந்தால் நஞ்சு ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கலாம்.

மூச்சை மூக்குத் துளையையோ அள்ளை ஏறி இறங்குவதையோ பார்த்து எண்ணலாம், நிமிடத்துக்கு 8 முதல் 16. சூடு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது, 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டரில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். உள்ளே போய்விட்டால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக வயிற்றுச் சத்தம். இரண்டு பக்கமும் அள்ளையில் மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஆக நான்கு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது காதை வைக்க வேண்டும். தோளை ஒட்டி நின்றபடி சாய்ந்து கேளுங்கள், பின்னங்காலுக்கு எட்டுகிற இடத்தில் போய் நிற்காதீர்கள். நல்ல குடல் எப்போதும் குடுகுடுவென்று பேசிக்கொண்டிருக்கும். வலது மேல் பக்கத்தில் அவ்வப்போது தொட்டியிலிருந்து தண்ணீர் மொத்தமாக இறங்குவது போல ஒரு நீளமான சத்தம் வரும். வலியோடு சத்தமும் அதிகமாக இருந்தால் குடல் இழுத்துப் பிடிக்கும் வகையாக இருக்கலாம், அது பெரும்பாலும் அடங்கிவிடும். நான்கு இடத்திலும் அமைதி என்றால்தான் பயப்பட வேண்டும்.

இத்தனையும் வலி வந்த ராத்திரியில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் வராது. இன்றைக்கே, குதிரை நிம்மதியாக நிற்கும்போது செய்து, லாயத்துக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். என் கதவில் சாக்பீஸில் 'நாடி 36, மூச்சு 12, சூடு 100' என்று இருக்கிறது. மழை ராத்திரியில் எண்ணியபோது 48 இருந்தது. டாக்டருக்கு 36 என்பதும் தெரிந்ததால்தான் 48 என்பதற்குப் பொருள் கிடைத்தது.

முதல் அரை மணி நேரம்

தீனியை எடுத்துவிடுங்கள். கொள்ளு, தவிடு, புல், வைக்கோல், தரையில் சிதறியது எல்லாவற்றையும். 'ஒரு வாய் சாப்பிட்டால் தெம்பு வரும்' என்று அன்பில் நீட்டுவார்கள். அடைத்த குழாயில் மேலும் திணிப்பதுதான் அது. தண்ணீர் இருக்கட்டும், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மூக்கு வழியாகப் பச்சைத் திரவம் வழிந்தால் மட்டும் அதையும் எடுத்துவிட்டு டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

எண்களைக் குறித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது லத்தி போட்டது, இந்த வாரம் தீனியில் என்ன மாற்றம், குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, பெண் குதிரை என்றால் சினையா, அண்மையில் ஈன்றதா என்பதெல்லாம் கேட்பார். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் எல்லா டாக்டர்களுக்கும் குதிரை பார்த்துப் பழக்கம் இருக்காது, மாடு ஆடுதான் அவர்களின் அன்றாட வேலை. குதிரை பார்த்துப் பழகிய இரண்டு பேரின் எண்ணை நல்ல நாளிலேயே வாங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்து நடக்க வைப்பது. ராத்திரி முழுக்க நடத்த வேண்டும், படுக்கவே விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி சரி. மெதுவாகப் பத்து, பதினைந்து நிமிடம் நடத்தினால் குடல் அசைவுக்கு உதவும், லேசான காற்றுக் கோலிக் அதிலேயே கலைந்துவிடும், குதிரையின் கவனமும் திரும்பும். ஆனால் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடந்தால் இரண்டு பேரும் களைத்துப் போவதுதான் மிச்சம். ஓட்டுவது அறவே கூடாது. புரண்டால்தான் குடல் முறுக்கும் என்ற பயம் ஊரில் உண்டு, அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. பெரும்பாலும் முறுக்கிய வலியில்தான் புரள்கிறது. அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும், விடுங்கள். கண்மண் தெரியாமல் புரண்டால் சுவரும் கம்பியும் இல்லாத மெத்தென்ற வெளிக்குக் கொண்டுபோய்விட்டு விலகி நில்லுங்கள். நானூறு கிலோ உடம்பு வலியில் சாயும்போது ஆள் இருப்பது அதற்குத் தெரியாது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியை எண்ணி நேரத்தோடு எழுதுங்கள். 48, 48, 44 என்று போகிறதா, 48, 56, 64 என்று போகிறதா என்பது டாக்டருக்கு மிகவும் தேவைப்படும்.

செய்யவே கூடாதவை

எண்ணெய் புகட்டாதீர்கள். இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதத் தோன்றுகிறது. மாட்டுக்கு மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய், சோடா உப்புக் கரைசல் புகட்டிப் பழகிய கை, குதிரைக்கும் அதையே செய்யும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நல்ல மனதோடு தலையைத் தூக்கிப் பிடித்து அரை லிட்டர் நல்லெண்ணெயை ஊற்றினார். வயிற்று வலி மறுநாள் காலை சரியாகிவிட்டது. குதிரை நான்காம் நாள் நிமோனியாவில் செத்தது. எண்ணெய் தொண்டையில் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது. எண்ணெய் எரிச்சல் தராததால் இருமல்கூட வராது, போனது தெரியவும் தெரியாது. டாக்டரும் சில சமயம் எண்ணெய் கொடுப்பார்தான். ஆனால் அவர் மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் விட்டு, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு கொடுப்பார். அந்தக் குழாய் வேலையும் நாம் செய்து பார்க்கக்கூடியது இல்லை. ஆசனவாய் வழியாக ஹோஸ் பைப் விடும் ஆட்களும் உண்டு. குடல் சுவர் கிழிந்தால் பிழைக்காது.

வலி ஊசியும் அப்படித்தான். ஃப்ளுனிக்சின் குதிரைக் கோலிக்குக்கு நல்ல மருந்து, டாக்டரும் அதைத்தான் போடுவார். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் நாமே போட்டுவிட்டால் வலி அடங்கி, நாடி இறங்கி, எல்லாம் சரியான மாதிரி தெரியும். உள்ளே முறுக்கு அப்படியே இருக்கும். அறுவைக்குப் போயிருக்க வேண்டிய நான்கு மணி நேரம் வீணாகும். தசையில் குத்தினால் அந்த இடம் கெட்டுச் சீழ் பிடித்து உயிரையே வாங்கிய கதைகளும் உண்டு. மாட்டுக்கு என்று எப்போதோ வாங்கிய பழைய ஊசி அலமாரியில் கிடந்தால் அதையும் தொடாதீர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006 முதலே இந்தியாவில் தடை. அந்த மருந்து ஏறிய பிணங்களைத் தின்றுதான் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன.

டாக்டர் வந்த பிறகு

அவரும் முதலில் நாடியைத்தான் எண்ணுவார். பிறகு மூக்குக் குழாய். குதிரைக்கு வாந்தி வராது என்றோமே, தேங்கியதை வெளியே எடுக்க இதுதான் வழி. குழாயில் இரண்டு லிட்டருக்கு மேல் திரவம் திரும்பி வந்தால் சிறுகுடலில் தடை என்று சந்தேகப்படுவார். தோள் வரை கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் குடலைத் தடவிப் பார்ப்பார். அடைப்பு கையில் களிமண் உருண்டை மாதிரி தட்டுப்படும். வசதி இருந்தால் ஸ்கேன், வயிற்று நீர்ச் சோதனை.

பெரும்பாலான கோலிக்குகள் மருந்திலேயே சரியாகிவிடும்: வலி நிவாரணி, நீரேற்றம், குழாய் வழியாகத் தண்ணீரும் எண்ணெயும். சரியாகாத சிலவற்றுக்குத்தான் அறுவை. குதிரைக்கு வயிற்றைத் திறக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். செலவு எவ்வளவு, வண்டி யாரிடம், அவ்வளவு தூரம் குதிரை தாங்குமா என்பதையெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு யோசிப்பது கொடுமை. வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். வலியைத் தீர்க்க வழியே இல்லை என்ற நிலையில் கருணைக் கொலை என்று டாக்டர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்று அவர் மேல் கோபப்படாதீர்கள்.

எதனால் வருகிறது

நம் பக்கத்துக் காரணங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது தண்ணீர். ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், சித்திரை வெயிலில் இரண்டு மடங்கு ஆகும். தொட்டியில் பாசி, எலி செத்த வாசம் இருந்தால் குடிக்காது, நாமும் கவனித்திருக்க மாட்டோம். இரண்டாவது வெறும் நெல் வைக்கோல். சத்துக் குறைவு, கரடுமுரடு, செரிக்க நேரமெடுக்கும். பசும்புல் இல்லாமல் அதையே போட்டுத் தண்ணீரும் குறைந்தால் அடைப்புக்கு அழைப்பு வைத்த மாதிரி.

மூன்றாவது திடீர் மாற்றம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வருகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். லாரியில் நீண்ட பயணம், வழியில் தண்ணீர் குடித்திருக்காது, புது ஊர், புதுத் தீனி. விற்றவரிடம் என்ன தீனி போட்டார் என்று கேட்டு, முடிந்தால் அதிலேயே ஒரு மூட்டை வாங்கி வந்து, ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நம் தீனிக்கு மாற்ற வேண்டும். வந்த அன்றே வரவேற்பு விருந்து வேண்டாம்.

விருந்து என்றதும் கல்யாண ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளை ஏறும் குதிரைக்கு ஆளாளுக்கு வாழைப்பழம், பிரெட், லட்டு, இலையில் மிஞ்சிய சாதம். மாட்டுப் பொங்கலன்று பொங்கலை அளவில்லாமல் தின்றுவிட்டு மாடு வயிறு உப்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரை விஷயத்தில் மாவுச்சத்து மிகுந்தால் வயிற்றோடு நிற்காது, குளம்புக்குள் அழற்சி வந்து கால் ஊன்ற முடியாமல் போகும். தானியம் எதுவானாலும் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. கொள்ளு என்றால் ஊறவைத்து வேகவைத்தது. பசும்புல்லை வெட்டிக் குவித்து அது உள்ளே சூடேறிவிட்டால் அதைப் போடாதீர்கள், வயிற்றுக்குள் போயும் நொதிக்கும்.

மணலும் ஒரு காரணம். கடற்கரைக் குதிரைகளுக்கும், தரையில் தானியத்தைக் கொட்டித் தின்னப் பழகியவற்றுக்கும் மணல் வயிற்றில் சேரும். வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் படாத ஆறேழு லத்தி உருண்டைகளைப் பெரிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கிக் கால் மணி நேரம் விட்டால் மணல் அடியில் படியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இசப்கோல் கொடுக்கச் சொல்லக்கூடும். மணல் படியவில்லை என்பதால் வயிற்றில் மணலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொட்டியில் தீனி வைப்பது இதற்கெல்லாம் சுலபமான வழி. ஊட்டி, கொடைக்கானலில் அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைகள் குப்பைத் தொட்டியை மேய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பைகள் அந்தக் குறுகிய வளைவில் போய்ச் சிக்கும் காட்சிதான் கண்ணில் வருகிறது.

குடற்புழு, காற்றை விழுங்கும் பழக்கம், பல் கோளாறு ஆகியவையும் காரணங்கள்தான். புழு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாதா மாதம் கொடுக்காமல் லத்தியைச் சோதித்துக் கொடுப்பது நல்லது.

அந்த மழை ராத்திரிக்கு வருகிறேன். மூன்று நாள் வெளியே விடாமல் கட்டியே வைத்திருந்தோம், புல் அறுக்கப் போக முடியாமல் வைக்கோல் போட்டோம், தண்ணீர்த் தொட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. டாக்டர் பதினொரு மணிக்கு வந்து குழாய் விட்டு, ஊசி போட்டு, 'பெருங்குடலில் லேசான அடைப்பு' என்றார். இரண்டரை மணிக்குத் தொப்பென்று சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சின்னச் சின்னதாக, கெட்டியாக, மேலே சளி பூசினாற்போல ஏழெட்டு உருண்டைகள். குடலில் ரொம்ப நேரம் தங்கிக் காய்ந்த லத்தி அப்படித்தான் இருக்கும். ஒரு லத்திக்காக ராத்திரி இரண்டரை மணிக்குச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அதற்காகக் காலையிலேயே தொட்டியை நிரப்பிவிடவில்லை. டாக்டர் சொன்னபடி மறுநாள் மதியத்திலிருந்து ஒரு கைப்பிடி நனைத்த பசும்புல், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கைப்பிடி. கொள்ளு மூன்று நாளைக்கு இல்லை. இரண்டு நாள் ராத்திரியும் எழுந்து நாடியை எண்ணினேன், ஏனென்றால் திரும்ப வரும் கோலிக் பெரும்பாலும் அந்த நாட்களிலேயே வரும்.

பதினைந்து நாள் கழித்து டாக்டர் பல்லைப் பார்க்க வந்தார். கடைவாயில் இரண்டு பக்கமும் பல் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தின் உள்பக்கம் கீறியிருந்தது. அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "தொட்டிக்குக் கீழே மென்னு துப்புன புல் உருண்டை ஏதாச்சும் கெடந்துச்சுங்களா?" என்று கேட்டார். கிடந்தது. இரண்டு மாதமாக அதைத் தினமும் காலையில் நான்தான் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன்.